மாடியில் ஒரு தனிக்குடித்தனம்

கிள்ளானில் ஓர் இரட்டை மாடி வரிசை வீடு. கீழே கூடத்தில் மேசைக்கணினி. அதற்கு இணையம் கேபிள் வழியாக. மாடி அறையில் மகளின் மடிக்கணினி, அதற்கு வைஃபை. நடுவில் பதினான்கு படிகள். கீழே இருப்பது சென்னையில் இருக்கும் அத்தையோடு மணிக்கணக்கில் பேசும். மேலே இருப்பது சியோலில் நடக்கும் கச்சேரியை நேரலையில் கொண்டு வரும். உலகத்தோடெல்லாம் சிரித்துப் பேசும் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மட்டும் முகம் கொடுப்பதில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு பார்க்காததுபோல் பார்க்கும் பங்காளிகள்தான்.

வினை 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு வந்தது. மகளுக்கு இல்லிருப்புக் கற்றல். மனைவிக்கு அலுவலகக் கூட்டம். குடும்பத் தலைவருக்கும் அலுவலகக் கூட்டம்தான், ஆனால் கேமராவை அணைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில். மாடி அறைக்கு வைஃபை ஒழுங்காக எட்டவில்லை. ஆசிரியையின் முகம் உறைந்து, உதடு மட்டும் ஐந்து விநாடி கழித்து அசைந்தது. அந்த ஜூன் மாதம் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையவழித் தேர்வுக்காக மரத்தின் மேல் ஏறித் தங்கிய காணொளி நாடெங்கும் பரவியது. மகள் அதை அப்பாவிடம் காட்டினாள். "நானும் ஏறட்டுமாப்பா?" வீட்டில் இருந்த ஒரே மரம் தொட்டியில் வைத்த கறிவேப்பிலை.

வைஃபைக்குத் தமிழில் 'அருகலை' என்று அழகான சொல் ஒன்று உண்டு. அருகில் வரும் அலை. இந்த வீட்டு மாடியைப் பொறுத்தவரை அது அரிதலை.

தலைவர் இணையத்தில் இரண்டாவது ரூட்டர் ஒன்றை வரவழைத்தார். கீழ் ரூட்டரிலிருந்து படியோரமாக நீளக் கேபிள் இழுத்து மாடிக்குக் கொண்டுபோனார். புது ரூட்டரின் முதுகில் ஐந்து துளைகள். நான்கு மஞ்சள், ஒன்று மட்டும் நீலம். பெட்டியில் இருந்த படத்தில் கேபிள் நீலத்துக்குப் போனது. அவரும் நீலத்தில் செருகினார். இணையம் மாடியில் கொட்டியது. அன்றிரவு அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால், மலாயாவுக்கு முதல் தந்திக் கம்பியை இவர்தான் இழுத்தார் என்று யாரும் நம்பியிருப்பார்கள்.

மறுநாள் காலை மகள் பயிற்றித் தாளை அச்சடிக்கப் போனாள். பிரிண்டர் கூடத்துக் கணினியோடு ஒரு யுஎஸ்பி வயரால் கட்டப்பட்டிருந்தது. நேற்றுவரை மாடியிலிருந்து தட்டினால் கீழே தாள் வந்துவிடும். இப்போது மடிக்கணினி கூடத்துக் கணினியைக் கண்டதே இல்லை என்று சத்தியம் செய்தது.

அடுத்த பல மாதங்களுக்கு அந்த வீட்டின் நெட்வொர்க், பென்டிரைவ் ஏந்திய ஒரு பிள்ளைதான். ஒரு நாளைக்குப் பத்து முறை படி இறங்கி ஏறினாள். வேகம் குறைவே தவிர, இணைப்பு ஒருநாளும் அறுந்ததில்லை.

நோய் என்று ஒன்று வந்துவிட்டால் வைத்தியர்களுக்குப் பஞ்சமா? மனைவி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார். (இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு, பாதி நேரம் இதுதான் வேலை செய்யும் என்பது சிரிக்கிறவர்களுக்கும் தெரியும்.) மைத்துனர் தொலைபேசியில் வைரஸ் என்றார். மைத்துனருக்கு எல்லாமே வைரஸ். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு குரல், "பச்சை விளக்கு எரியுதாங்க சார்? அப்படின்னா எங்க பக்கம் சரியா இருக்கு" என்றது. அது உண்மையும்கூட. வாசல் வரை தண்ணீர் விடுவதுதான் அவர்கள் வேலை. சமையலறைக் குழாய்க்கும் குளியலறைக் குழாய்க்கும் ஆகவில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பக்கத்து வீட்டுப் பையன் மைக்ரோவேவ் அடுப்பைக் குறை சொன்னான். "அங்கிள், அதுதான் சிக்னலைத் தின்னுது." பையன் சொன்னதில் விஷயம் இருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வைஃபையின் பழைய அலைவரிசை 2.4. அடுப்பிலிருந்து கசியும் கொஞ்ச அலையே பக்கத்து வைஃபையைத் தடுமாற வைக்கப் போதும். ஆகவே அந்த வீட்டில் மூன்று நாள் மீன்கறி கேஸ் அடுப்பில்தான் சூடானது. பிரிண்டர் அசையவில்லை. சிக்னல் குறைந்தால் வேகம் குறையும். ஒரு கணினி இன்னொன்றைத் தெரியவே தெரியாது என்று சாதிப்பது வேறு வியாதி.

கம்பியும் கம்பியில்லாததும் அப்படி ஒன்றும் பரம்பரைப் பகையாளிகள் அல்ல. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுக்குத் தீவு கேபிள் போட வழியில்லாமல், வானொலி அலையில் கணினிகளைப் பேச வைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இருவரும் சற்றுப் பொறுத்து, வெவ்வேறு நேரத்தில் மறுபடி பேச வேண்டும் என்பது அதன் விதி. நம் வீட்டுக் கூடங்களில் இன்றுவரை அமலுக்கு வராத விதி. அலோஹாநெட்டைப் பற்றிப் படித்த பாப் மெட்காஃப் 1973இல் கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில், டேவிட் பாக்ஸோடு சேர்ந்து, அந்தக் கருத்தை வளர்த்துக் கேபிளுக்குள் கொண்டுவந்தார். வெளியெங்கும் நிறைந்திருப்பதாக முன்னொரு காலத்து விஞ்ஞானிகள் நம்பிய 'ஈதர்' என்ற வஸ்துவின் பெயரால் அது ஈதர்நெட் ஆனது. வைஃபைக்கான 802.11 தரவிதி 1997இல்தான் வந்தது. ஆக, காற்றில் பிறந்த யோசனை கம்பிக்குள் குடியேறி, கால் நூற்றாண்டு கழித்து மறுபடி காற்றுக்குப் போயிருக்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிள்ளானில் வந்துதான் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது.

பையன் போகிற போக்கில் ஒரு கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனான்: பிங். 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியனுப்பி எதிரொலி கேட்பதுபோல, ஒரு கணினி இன்னொன்றை "ஓய், இருக்கியா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பது. தலைவர் மாடியிலிருந்து கீழ் ரூட்டரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றது. இறங்கி வந்து கூடத்துக் கணினியிலிருந்து மாடி மடிக்கணினியைக் கூப்பிட்டார். நான்கு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. மேலிருந்து கீழே குரல் கேட்கிறது, கீழிருந்து மேலே கேட்கவில்லை. துப்பு அதில்தான் இருந்தது. ஆனால் அவர் கேபிளை மாற்றினார், பிரிண்டரைக் கழற்றி மறுபடி நிறுவினார், விண்டோஸைக் கோபித்துக்கொண்டார், கடைசியில் ரூட்டரை ஒரு தட்டுத் தட்டினார். பழைய டிவி காலத்துப் பழக்கம்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த ஒரு சனிக்கிழமை, இரண்டு கணினிகளின் நெட்வொர்க் எண்களையும் தாளில் குறித்துக்கொண்டு, கொம்யூட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த ஒரு கணினிக் கடைக்கு நடந்தார். வைஃபை வழக்கோடு பிரிக்பீல்ட்ஸுக்குப் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து விழுங்கிய பிறகு, மரமும் அத்தாப்பும் போதும், செங்கல்லும் ஓடுமாகக் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் சொன்னார். அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். கிள்ளான் பள்ளத்தாக்கில் வைஃபைக்கு முதல் தடுப்புச் சுவர் எழுப்பிய புண்ணியம் அந்தச் சூளைகளுக்கு உண்டு. செங்கல்லைவிடக் கொடியது இரும்புக் கம்பி பாய்ச்சிய கான்கிரீட் தளம். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் 2.4ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

கடைத் தம்பி தாளைப் பார்த்தார். கூடத்துக் கணினி: 192.168.1.5. மாடி மடிக்கணினி: 192.168.0.104.

"அண்ணே, மூணாவது நம்பரைப் பாருங்க. கீழ ஒண்ணு, மேல சைபர்."

"அதனால?"

"மாடி தனிக்குடித்தனம் போயிருச்சு, அண்ணே."

வாழையிலைக் கடை ரசீது ஒன்றைத் திருப்பிப்போட்டு அதில் இரண்டு வட்டம் வரைந்தார். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகம் போன்ற உள்வட்டாரத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. எல்லாத் தாமானிலும் ஒரு 'ஜாலான் 1' இருப்பதுபோல, உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள். வீட்டுக்குள் யாருக்கு எந்த எண் என்று கொடுப்பது ரூட்டரின் வேலை. நீலத் துளையில் கேபிளைச் செருகியதும் மாடி ரூட்டர், "என் வாசல் இது, உள்ளே என் குடும்பம்" என்று முடிவு கட்டி, தன் பக்கத்துக்குத் தனி எண்களை விநியோகித்துவிட்டது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம். ஆகவே இணையம் வரும், கீழ் ரூட்டரும் பதில் சொல்லும். வெளியிலிருந்து வருகிறவருக்குக் கதவு திறக்காது. அந்தக் கதவுக்கு வெளியே நின்றது கூடத்துக் கணினி. பெயர் சொல்லி ஒருவரையொருவர் தேடும் குரலும் வாசலைத் தாண்டாது.

"அப்ப பிரிண்டர் கெட்டுப்போகலையா?"

"அது பாவம் லா, அண்ணே."

மருந்து மூன்று வரி. மாடி ரூட்டரின் அமைப்பில் எண் கொடுக்கும் வேலையை, டிஎச்சிபி என்பதை, நிறுத்த வேண்டும். அந்த ரூட்டருக்குக் கீழ்வீட்டு வரிசையிலேயே 192.168.1.2 என்று ஓர் எண் போட வேண்டும். கேபிளை நீலத்திலிருந்து பிடுங்கி மஞ்சளில் செருக வேண்டும். அதன் பிறகு அது ரூட்டர் இல்லை. மாடியில் வைஃபை மட்டும் பரப்பும் வெறும் கூரைவிளக்கு. தம்பி காசு வாங்கவில்லை. தலைவர் அதே ரசீதுக்குரிய கடையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, ரசீதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு ரயிலேறினார்.

மூன்று வரியையும் செய்து முடித்தார். மாடிக்கு 192.168.1.11 வந்தது. பிரிண்டர் வரவில்லை.

இந்த இடத்தில் மனிதன் ஒன்று அழுவான், அல்லது மைத்துனரைக் கூப்பிடுவான். தலைவர் ரசீதின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே தம்பி சின்ன எழுத்தில் 'பப்ளிக்?' என்று கிறுக்கியிருந்தார். புது நெட்வொர்க்கைக் கண்டதும், இது பொது இடமா, உங்கள் வீடா என்று விண்டோஸ் கேட்கும். படிக்காமல் எதையாவது அமுக்கிவிட்டுப் போவதுதான் நம் எல்லோருடைய மரபும். பொது இடம் என்றால் கணினி விமான நிலையத்தில் இருப்பதாக நினைத்து முக்காடு போட்டுக்கொள்ளும். எவர் கண்ணிலும் படாது. தலைவரின் வைத்தியங்களுக்கு நடுவே எப்போதோ கூடத்துக் கணினி சொந்த வீட்டிலேயே அப்படி உட்கார்ந்துவிட்டிருந்தது. அதை 'பிரைவேட்' என்று மாற்றினார்.

கீழே பிரிண்டர் இருமியது. தொண்டையைச் செருமியது. ஒரு தாளை மெல்ல உள்ளே இழுத்தது. முதலில் வந்தது மகளின் பயிற்றி இல்லை. மாதக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்த ஒரு நாசி லெமாக் சமையல் குறிப்பு, பதினொரு பிரதி.

இரண்டு வாரம் ராமராஜ்யம். நடுவில் ஒருநாள் கூடத்துக் கணினிக்கு இணையம் போய்ப் போய் வந்தது. தலைவர் இப்போது கைதேர்ந்தவர் அல்லவா, தரையில் படுத்துப் பார்த்தார். கேபிள் முனையில் இருக்கும் அந்த நகக்கண் அளவு பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது. செருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் நாக்கு. அது இல்லாததால் மனைவி கூட்டும்போது துடைப்பம் பட்டதும் முனை ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும். பார்வைக்கு உள்ளேதான் இருக்கும், விளக்கு மட்டும் அணையும். ஒரு ரப்பர் பேண்டில் கதை முடிந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் ஒன்று. வீட்டுக்கு வரும் ஃபைபர் கண்ணாடி இழை. அது மின்னலைக் கொண்டுவராது. ஆனால் மின்சார வயரும் படியேறும் செம்புக் கேபிளும் தாராளமாகக் கொண்டுவரும். பழைய தொலைபேசிக் கம்பி நாள்களில் இரண்டு மோடமை மின்னலுக்குக் காவு கொடுத்த குடும்பம் அது. ராமராஜ்யத்தின் கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்ததும் தலைவர் வீடெங்கும் ஓடி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். மழை ஓய்ந்தது. எல்லாவற்றையும் மறுபடி செருகினார். விளக்குகள் எரிந்தன.

"அப்பா," என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "169.254ன்னு என்னமோ காட்டுது."

அது, எண் கொடுக்க யாருமே இல்லாதபோது கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண். தலைவர் படியேறிப்போய் ரூட்டரின் முதுகைத் திருப்பினார். கேபிள் நீலத்தில் இருந்தது. நீலமா, மஞ்சளா? ரசீதைத் தேடினார். சட்டை போன வாரமே துவைத்து மடித்தாகிவிட்டது.

"பிரிக்பீல்ட்ஸ் போறதா இருந்தா," என்றார் மனைவி சமையலறையிலிருந்து, "வரும்போது ரெண்டு பாக்கெட் முறுக்கு வாங்கிட்டு வாங்க."