சூரியக் கரையின் பெருந்தன்மை

ஸ்பெயினின் தெற்கே மாலகா மாகாணத்திலிருந்து அல்மெரியா வரை நீளும் மத்தியதரைக் கடற்கரையில் வருஷத்துக்கு 300 நாள் வெயில் அடிக்கும் என்று சுற்றுலாத் தொழில்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அவ்வளவு வெளிச்சம் உள்ள இடத்தில் ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது? அந்தக் கரையில் நான் மிகவும் மெச்சுவது இதைத்தான். மற்ற ஊர்களில் இருட்டில் கூசிக்கூசி நடக்கிற காரியம் இங்கே பட்டப்பகலில் அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட் ஊற்றி, 21 மாடிக்கு எழும்பி நிற்கும்.

மார்பெய்யா நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் அங்கே மேயரானவர் ஹெசூஸ் ஹில். கட்டுமானத் தொழிலதிபர், அத்லெதிக்கோ மத்ரித் கால்பந்துக் கழகத்தின் தலைவரும் அவரே. தேர்தலில் நிற்க ஒரு கட்சி தேவைப்பட்டது, ஆரம்பித்தார். கட்சிப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘ஹில்’ என்றே வரும். கட்சி எது, தலைவர் எது என்று வாக்காளர் குழம்பித் தவிக்கக் கூடாதே என்கிற கரிசனம். பிறகு ஊர்ப்பற்று மேலிட்டு, நகராட்சிப் பணத்தில் தன் கழகத்து ஆட்டக்காரர்களின் சட்டையில் ‘மார்பெய்யா’ என்று விளம்பரம் போடச் செய்தார். ஊர்ப் பணம் ஊர்ப் பெயருக்குத்தானே செலவானது? போகிற வழியில் அது கழகத்தின் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான். இந்தப் பற்றின் ஆழம் புரியாத உச்ச நீதிமன்றம் 2002-ல் அவர் பதவி வகிக்கத் தடைபோட்டது.

ஆள் போனாரே தவிர, அவர் ஊன்றிய விதை பட்டுப்போகவில்லை. நகரமைப்பு ஆலோசகர் ஹுவான் அன்தோனியோ ரோக்கா அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். 2006 மார்ச்சில் ஊழல் வழக்கொன்றில் போலீஸ் சோதனைக்குப் போனபோது அவருடைய குளியலறைச் சுவரில் ஜோவான் மிரோவின் ஓவியம் தொங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஓவியத்தை வரவேற்பறையில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விலை சொல்லும் பணக்காரர்களை நாம் அறிவோம். யாரும் பார்க்காத இடத்தில், ஈரத்துண்டோடு நின்று தனியே ரசிக்கிற அடக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அப்போதைய மேயர் மரிசோல் யாகுவேயும் அதே வழக்கில் கைதானார். அடுத்த மாதமே மத்திய அரசு நகராட்சி மன்றத்தைக் கலைத்தது. ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பிய பிறகு ஒரு நகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது அதுவே முதல் தடவை. சிறிய ஊர் ஒன்று தேசத்திலேயே முதலிடம் பிடிப்பது லேசான காரியமா?

விருந்தோம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இருந்த குற்றவாளிகள் ஒப்படைப்பு உடன்படிக்கை 1978-ல் முடிந்துபோய், 1985-ல்தான் புதிது வந்தது. இடைப்பட்ட காலத்தில் லண்டனில் தேடப்பட்டுவந்த சிலர் இந்தக் கரைக்கு வந்து நீச்சல்குளம் வைத்த வீடு வாங்கி, நிம்மதியாக வெயில் காய்ந்தார்கள். வந்தவரிடம் ஊர் கேட்காமல், தொழில் கேட்காமல் இலை போடுவதல்லவா பண்பாடு.

வாரி வழங்கும் குணம் தண்ணீரிலும் தெரியும். மாலகாவுக்குக் கிழக்கே அக்ஸார்கியா பகுதியில் லா வின்யுவேலா என்றொரு பெரிய நீர்த்தேக்கம். 2024 தொடக்கத்தில் அதில் இருந்த நீர் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுற்றுப்பட்ட ஊர்களில் இரவானால் குழாயை அடைத்தார்கள். கடற்கரைகளில் உப்புத் தண்ணீரைக் கழுவிக்கொள்ளும் ஷவர்களும் நின்றன. ஆனாலும் மேற்கே கொஸ்தா தெல் சோல் என்கிற சூரியக் கரையின் எழுபதுக்கும் மேற்பட்ட கோல்ப் மைதானங்களின் புல்லுக்குத் தாகம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். (பாய்ச்சுவதெல்லாம் சுத்திகரித்த கழிவுநீர்தான் என்கிறார்கள் மைதானக்காரர்கள். பெரும்பாலும் உண்மைதான், அதே நீரைக் கேட்டு விவசாயியும் வரிசையில் நின்றான் என்பது சின்ன விஷயம்.) அந்த விவசாயிக்கும் மனசு சின்னதில்லை. மழை வராத மலைச்சரிவில் மாவும் அவகாடோவும் நட்டு, மழை ஓயாத வட ஐரோப்பாவுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறான். நீர் இல்லாதவன் நீர் உள்ளவனுக்குப் பழமாக்கித் தருகிற தருமத்தை வேறெங்கே பார்ப்பது!

வீட்டுச் சாவியையும் அப்படியே கொடுத்துவிட்டார்கள். மாலகாவின் பழைய தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் போய், வீடுகளெல்லாம் நாள்வாடகைக்கு வருகிற பயணிகளின் தங்குமிடங்களாகிவிட்டன. 2024 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி, ஊரில் குடியிருக்க இடம் கேட்டார்கள். விருந்தினர் வந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் இப்படிச் சத்தம் போடுவது கொஞ்சம் மரியாதைக்குறைவுதான்.

இவற்றையெல்லாம் மிஞ்சுவது இந்தக் கரையின் இடிக்கும் திறமை. யார் வீட்டை எப்போது இடிப்பது என்ற பகுத்தறிவு இங்குள்ள புல்டோசர்களுக்கு உண்டு. அல்மெரியா மாகாணத்தில் வேரா என்ற ஊரில் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதியர் நகராட்சி உரிமம் வாங்கி ஒரு வீடு கட்டினார்கள். அந்த உரிமம் செல்லாது என்றது அந்தலூசிய மாநில அரசு. 2008 ஜனவரியில் வீடு தரைமட்டம். மிஞ்சிய கார் கொட்டகையில் குடியேறினார்கள் கிழவனும் கிழவியும். அதே மாகாணத்தின் நிஹார் பகுதியில் எல் வாலிலி என்றொரு குடிசைப்பகுதி இருந்தது. ஐரோப்பாவின் குளிர்காலச் சந்தைக்குத் தக்காளியும் குடைமிளகாயும் விளையும் பிளாஸ்டிக் கூடாரங்களில் கூலிக்கு நின்ற மொராக்கோக்காரர்களும் மற்ற ஆப்பிரிக்கர்களும், மரச்சட்டத்தின்மேல் பழைய பிளாஸ்டிக்கைப் போர்த்தி வாழ்ந்த இடம். 2023 ஜனவரி இறுதியில் போலீஸ் காவலோடு வந்து அதையும் இடித்துச் சுத்தம் செய்தார்கள். சட்டம் என்றால் சட்டம்.

நிஹாரை அடுத்துள்ள கார்போனேராஸில் எல் அல்காரோபிக்கோ என்ற கடற்கரை இருக்கிறது. அது 1987-ல் அறிவிக்கப்பட்ட காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவுக்குள் வருகிற இடம். 1988-ன் கடற்கரைச் சட்டம் கட்டடத்துக்கும் கரைக்கும் நடுவே 100 மீட்டர் விடச் சொல்கிறது. 2003-ல் அங்கே நகராட்சி உரிமத்தோடு ஓர் ஓட்டல் எழும்பத் தொடங்கியது. அலை ஓசை விருந்தினருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று அந்த 100 மீட்டரை விடவில்லை. 21 மாடி, 411 அறை. ஏறக்குறைய முடியும் தறுவாயில், 2006-ல், நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. பிறகு வழக்குகள். அந்தலூசிய உயர் நீதிமன்றம் 2012-ல் அது கட்டத்தகாத நிலம் என்றது. 2014-ல் கட்டத்தகுந்த நிலம் என்றது. இரு தரப்புக்கும் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்குகிற நடுநிலையை எந்தத் தராசில் நிறுப்பது? அந்த வருஷமே கிரீன்பீஸ் இயக்கத்தார் ஓட்டல் முகப்பில் ஏறி, அது சட்டவிரோதமானது என்று பிரமாண்டமாகப் பெயிண்ட் அடித்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

உரிமம் பெற்றுக் கட்டிய சின்ன வீட்டை இடித்த அவசரம் இங்கே இல்லை. யார் இடிப்பது, யார் செலவு, நிலம் யாருடையது என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசு 2025 பிப்ரவரியில் இடிக்கப்போவதாக மறுபடியும் அறிவித்தது. பெரியவர்கள் விஷயத்தில் பதற்றம் ஆகாது என்று தெரிந்த அரசு.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காபோ தெ காத்தாவின் கரைகளைப் பார்த்துவிட்டு இதையும் அவசியம் பாருங்கள். கட்டணம் கிடையாது, தொலைவிலிருந்தே தெரியும். அறை மட்டும் கேட்காதீர்கள். அந்த 411 அறைகளில் இன்றுவரை ஒரு விருந்தினர்கூடத் தங்கியதில்லை.