புழுவுக்குப் பருவத் தடை

இங்கிலாந்தின் பல ஆறுகளில் சால்மன் பிடிக்கிறவருக்கு மண்புழுவும் இறாலும் ஜூன் 15 வரை குற்றவாளிகள். மறுநாள் விடிந்தால் நிரபராதிகள். 1999-இல் வந்த விதி இது. ஜூன் 15 வரை இறகும் நூலும் கட்டிய செயற்கை ஈ, பளபளக்கும் தகடு போன்ற போலி இரைகளுக்கே அனுமதி. பிடிபட்ட மீனையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். இதில் வேடிக்கை, முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சால்மன் ஆற்றில் இரை எடுப்பதே இல்லை. விரதம் இருப்பவருக்காகப் பந்தியை மூடுவானேன் என்று கேட்கலாம். பசியில்லாவிட்டாலும் அது கவ்வத்தான் செய்கிறது! போலி ஈ பெரும்பாலும் உதட்டோரம் தைக்கும். புழுவென்றால் தொண்டைவரை போய்விடும். செவுளில் ரத்தம் வழிய வழிய "போய் வா" என்று வழியனுப்புவது கருணைக் கணக்கில் சேராது.

வசந்தத்தில் வருபவை பெரும்பாலும் கடலில் இரண்டு மூன்று குளிர்காலம் கண்ட பெரிய மீன்கள், எண்ணிக்கையில் அருகிப்போனவை. ஆகவே விதி நியாயம்தான். ஜூன் 16-இல் மீனின் தொண்டை மாறிவிடுமா என்றால், மாறாது. கோடையில் வரும் கூட்டம் பெரிது என்ற பழைய தைரியம் அது. 2023-இல் பிரிட்டனின் சால்மன் அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட பிறகு அந்தத் தைரியம் செல்லாது. புழுக்காரரின் ஒரு முறையீட்டுக்குத்தான் பதில் இல்லை: பலத்த மழையில் அதே ஆறுகளில் திறந்துவிடப்படும் சாக்கடைக்குப் பருவத் தடை எந்த மாதத்திலும் கிடையாது.