மாமனாருக்கு வாத்துக்கறி

வாடா பேராண்டி, குந்து. மாமனார் வர்றாரு, காட்டு வாத்து ஆக்கிப் போட்டு அசத்தப் போறேன்னு கெளம்பிக்கீறியாமே? எண்ணூர் முகத்துவாரத்துல எவனோ அடிச்சுத் தர்றேன்னு அட்வான்ஸ் வேற வாங்கிக்கினானாம். நல்லாத்தான் கீது. 1972லயே வனவிலங்குச் சட்டம் போட்டாங்க. 1991ல லைசென்ஸ் குடுத்து சுடறதையும் நிறுத்திட்டாங்க. நீ அத்த மீறி அடுப்பேத்துனா, கறி வேகறதுக்குள்ள உன்னைப் புழல் ஜெயிலுக்கு வண்டி ஏத்திடுவான். மாமனார் உன்னைப் பாக்க அங்கதான் வரணும். ஒரு வகையில விருந்துச் செலவு மிச்சம்.

அது எந்தப் பறவைன்னாவது தெரியுமா? பட்டைத்தலை வாத்து. குளுருக்கு மங்கோலியா பக்கத்துலேர்ந்து இமயமலையைத் தாண்டிப் பழவேற்காட்டு ஏரி வரைக்கும் வருது. 7,000 மீட்டர் உசரத்துக்கு மேலயும் பறந்ததுன்னு அளந்து வெச்சுக்கீறாங்க. அப்பிடி மூச்சுப் புடிச்சுப் பறந்த நெஞ்சுக்கறி செக்கச்செவேல்னு இறுகித்தான் கெடக்கும். நீ மாடி ஏறுனாலே மூச்சு வாங்குற ஆளு. அத்த மெல்லுற தெம்பு உனக்கு ஏது?

இன்னொண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி ஆலை எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல எறங்கி, கூழைக்கடாவெல்லாம் கறுப்பு பூசிக்கினு நின்னுச்சே, மறந்துட்டியா? அந்தத் தண்ணில மேயறத்த வாங்கினா தாளிக்க எண்ணெய் தனியா வாணாம்.

அதனால பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் போ. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மந்தை மேய்ப்பாங்க. முட்டை ஓஞ்சத்த அவங்களே வித்துடுவாங்க. நெஞ்செலும்பு நுனியை அமுக்கிப் பாரு. வளைஞ்சா எளசு, வளையலன்னா கெழடு. உனக்குக் கெழடுதான் மாட்டும், உன் ராசி அப்பிடி.

கெழடா இருந்தா இன்னா, ருசி அதுலதான் கீது. முடியெல்லாம் புடுங்கி நெருப்புல வாட்டு. வாலுக்கு மேல, முதுகுப் பக்கம் ஒரு எண்ணெய்க் கட்டி இருக்கும். பறவை எறகுக்குப் பூசிக்கிறது அதுலேர்ந்துதான். அத்த அறுத்து எறி. கவிச்சி அடிக்குதுன்னு ஊரே மூக்கைப் புடிக்கிறதுல பாதி அந்தக் கட்டியால, மீதி தோலுக்கடியில தேங்குன கொழுப்பால. கொழுப்பை வழிச்சு எடு. எல்லாத்தையும் இல்ல, உன்கிட்ட கீற அளவுக்கு அதுகிட்டயும் கொஞ்சம் இருக்கட்டும்.

அறுத்த கையோட சட்டியில போடாத. கொஞ்ச நேரத்துல சதை வெறைச்சுக்கும். அப்ப வேகவெச்சா ரப்பர்தான். உப்பு, மஞ்சள் தடவி ஐஸ்பெட்டியில ராத்திரி பூரா வை. வெள்ளக்காரன் சுட்ட பறவையை எறகோட நாள்கணக்கா தொங்கவுட்டுப் பதமாக்குவான். அவன் ஊரு குளுரு வேற. நம்ம எண்ணூர் புழுக்கத்துல நீ தொங்கவுட்டா, விருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலதான் முடியும்.

பப்பாளிக்கா தெரியும் இல்ல? பழம் இல்ல, பச்சைக்கா. தோலோட அரைச்சு கிலோவுக்கு ஒரு ஸ்பூன், அரை மணி நேரம், போதும். அதோட பாலு சதையை அறுத்துத் தள்ளும். ஒரு தபா உன் சித்தப்பன் கறி சீக்கிரம் வேகட்டும்னு அரைக் காயைப் போட்டு ராத்திரி பூரா ஊறவெச்சான். காலைல எலும்பு தனியா, களி தனியா. அத்தையும் நக்கித் துன்னுட்டு சூப்புன்னு பேரு வெச்சான்.

அடுப்பு விஷயத்துலதான் நீ தோப்பே. மூட்டுல, சதைக்கு நடுவுல கீற வெள்ளை நாரு, 70 டிகிரிக்கு மேல நிதானமா வெந்தாத்தான் இளகி ஒட்டும் பிசுக்குமா மாறும். தளதளன்னு கொதிக்கவுட்டா சதை தண்ணியைப் பிழிஞ்சுட்டு இறுகிக்கும். வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்கி, கறியைப் போட்டு, மொணமொணன்னு மேல ஒரு குமிழி, ரெண்டு குமிழி வர்ற தீயில ரெண்டு மணி நேரம். மிளகு தாராளமா. தேங்காப்பாலு கடைசியில. செல்லைத் தூக்கி அடுத்த ரூம்ல வை, இல்லன்னா அடி புடிச்சப்புறம்தான் தலையைத் தூக்குவே.

வெந்துச்சான்னு பாக்க கத்தி கித்தி வாணாம். ஒரு தொடையை மூடி எடுத்தாந்து என்கிட்ட குடு. வாயில மிச்சம் கீறது மூணு பல்லு. அதுக்கு மசிஞ்சா உன் மாமனாருக்கும் மசியும். மசியலன்னா இன்னொரு தொடை எடுத்தா, நிதானமா பாத்துச் சொல்றேன்.