போர் விமானத்துக்கு அழுக்கேற்றுவது எப்படி?

இரண்டாம் உலகப் போர் விமானம் ஒன்றைப் பக்கவாட்டில் வரைந்து பேர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. விமானத்தை வரைவது பெரிய காரியமில்லை. முன்னால் மூக்கு, பின்னால் வால், நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. சின்னங்களைப் போடுவதிலும் அழுக்கேற்றுவதிலும்தான் கைவண்ணம் தெரியும். இதில் செய்யக்கூடிய எல்லாத் தப்பையும் ஒன்று விடாமல் செய்து தேறியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

போர்க்காலப் புகைப்படங்களைத் தேடி அலையாதீர்கள். இன்றும் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் கலர் படம் ஒன்று போதும். பி7350 என்ற ஸ்பிட்ஃபயர் 1940இல் பிரிட்டன் வான்போரில் பறந்தது, இன்னும் பறக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு யாரோ ஒரு விமானியின் எழுத்துகளைப் பூசிக்கொண்டு வந்து நிற்கும், கல்யாணத்துக்குக் கல்யாணம் புடவை மாற்றுகிற பெரியம்மா மாதிரி. எந்த வருடத்துப் புடவை என்று கேட்காமல் அப்படியே வரைந்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், கண்ணை அப்படியே நம்புங்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. மஞ்சள் கறுத்துப் போகும், நீலம் வெளுத்துப் போகும். பிரிட்டிஷ் வட்டச்சின்னத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் படத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். நீங்களும் கறுப்பையே தீட்டுங்கள். 'ஆதாரம் இருக்கிறது' என்று அடித்துப் பேசலாம்.

அந்த வளையத்தின் அகலம் பற்றியும் கவலை வேண்டாம். 1942 மே மாதம் அதைச் சன்னமாக்கினார்கள், உள்ளே இருந்த வெள்ளையையும் ஒடுக்கினார்கள். பர்மா முனையில் நடுச்சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சூரியன் என்று நினைத்துச் சொந்தக்காரனே சுட்டுவிடுவான் என்ற பயம். இந்திய ஸ்குவாட்ரன்களின் ஹரிக்கேன்களும் அதனால்தான் சிவப்பில்லாமல் பறந்தன. இதற்கெல்லாமா தனித்தனி லேயர் வைத்துக்கொண்டிருக்க முடியும்? ஒரே வட்டத்தைக் காப்பி பேஸ்ட் செய்யுங்கள்.

நார்மண்டிப் படையெடுப்புக்காக விமானங்களில் பூசிய கோடுகளை வரைய ஸ்கேல் அவசியம். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொன்றும் 18 அங்குலம், வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. ரகசியம் கசியக்கூடாதென்று 1944 ஜூன் முதல் வாரத்தில், கடைசி நேரத்தில்தான் உத்தரவு போனது. தரைப்பணியாளர்கள் கையில் கிடைத்த பிரஷ்ஷை எடுத்து ராவோடு ராவாகப் பூசினார்கள். ஓரம் நெளிந்தது, வெள்ளைக்கடியில் பழைய பச்சை எட்டிப் பார்த்தது, பெயின்ட் ஒழுகியது. புகைப்படங்களில் தெளிவாகத் தெரியும். ஆனால் அப்படி வரைந்தால் உங்களுக்குக் கை நடுங்குகிறது என்பார்கள். நேர்க்கோடே மரியாதை.

இனி அழுக்கு. துருவில் ஆரம்பியுங்கள். உடல் முழுக்க அலுமினியம், துருப்பிடிக்காது என்று யாராவது சொன்னால், 'அது போர்க்காலத் துரு' என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். உண்மையில் துரு ஏறக்கூடிய இடம் எஃகாலான புகைக்குழாய்கள். அங்கே மட்டும் சுத்தமாக விட்டுவிடுவது வழக்கம்.

பெயின்ட் உதிர்வதை எல்லா ஜப்பானிய விமானத்துக்கும் சமமாகப் பங்கிடுங்கள். கி-61 ஹியென் விமானங்களில் பல ப்ரைமர் இல்லாத வெறும் உலோகத்தின்மேல் பச்சை அடிக்கப்பட்டவை. அதனால் அம்மை கண்ட உடம்பு மாதிரி உரிந்தன. ஜீரோவுக்குத் தொழிற்சாலையிலேயே ப்ரைமர் போட்டிருந்ததால் பெயின்ட் அவ்வளவு லேசில் விடாது. இருந்தாலும் உரியாத ஜீரோவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? உரியுங்கள்.

ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு இடப்பக்கம். ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மேல்புறம், பூட்ஸ் கால் தேய்த்த தடம் கூடுதலாக இருக்கும். வலப்பக்கம் வரைவதானால் இடப்பக்கத்தைத் திருப்பிப் போடுங்கள், கதவும் கூடவே வந்துவிடும்.

புகைக்கரியைத் தாராளமாக, கன்னங்கரேலென்று இழுங்கள். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால், சிக்கனமாக எரிபொருள் விட்டு நீண்ட தூரம் பறந்த எஞ்சின் சாம்பலும் காவியும் கலந்த வெளிறிய படிவைத்தான் விட்டுச் சென்றது. பெர்லின் வரை போய்த் திரும்பிய மஸ்டாங்கின் விலாவில் அதைப் பார்க்கலாம். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்குப் புகைக்குழாய் மூக்கில் மேலே இருக்கும். மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் எஞ்சினே தலைகீழ், குழாயும் கீழே. இரண்டுக்கும் ஒரே பிரஷ், ஒரே இடம். வேலை மிச்சம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பல ஸ்குவாட்ரன்களில் தரைப்பணியாளர்கள் விமானத்தை மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். வேகம் கொஞ்சம் கூடினாலும் விமானி பிழைப்பான் என்ற கணக்கு. பல விமானங்கள் அழுக்காகும் அளவுக்கு உயிரோடும் இருக்கவில்லை, சில வாரங்களில் விழுந்தன. அவற்றுக்கும் மூன்று வருடத்து அழுக்கைப் பூசித்தான் நாம் அனுப்பிவைக்கிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விமானம் ஒரு டிஃபையன்ட். 264ஆவது ஸ்குவாட்ரனுடையது. நம் மாகாணத்தின் போர் நிதிக்கு நன்றியாக அந்த ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று அடைமொழி கொடுத்திருந்தார்கள். அதிலிருந்த என்1801 எண் விமானத்தின் பெயர் 'கோயம்புத்தூர் 2'. இரவுச் சண்டைக்காகக் கறுப்பு பூசியது. அந்தக் காலத்து 'ஸ்பெஷல் நைட்' கறுப்பு, அடுப்புக்கரி மாதிரி சொரசொரப்பானது. கை பட்டால் தேயும், வேகத்தையும் கெடுக்கும். அழுக்குக் கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். தேய்மானம், எண்ணெய்க் கசிவு, சேறு. இறக்கையின் முன்விளிம்பில் துப்பாக்கி சுட்ட கரியை மட்டும் மூன்று நாள் இழைத்தேன். படம் ஒரு பத்திரிகையில் வந்தது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது.

'தம்பி, படம் அருமை. டிஃபையன்டுக்குத் துப்பாக்கி நாலும் விமானியின் முதுகுக்குப் பின்னால், சுழலும் கூண்டில் இருக்கும். இறக்கையில் ஒன்றுகூடக் கிடையாது.'