தொடாமல் தொடும் கை

மெத்தென்ற கையுறை ஒன்று வந்திருக்கிறது. மாட்டிக்கொண்டால் இல்லாத பொருளும் விரலில் படும். குட்டிக் காற்றுப்பைகள் உப்பி அழுத்த, பட்டுத்துணியா பாறையா என்று தெரிந்துவிடுமாம்!

தோல் பதனிடும் ஆம்பூருக்கென்றே செய்தது. தோலைத் தடவித் தரம் பிரிக்க இனி ஆடு எதற்கு, தோல்தான் எதற்கு? பாலாற்றங்கரையில் வீட்டுக்கொரு ஜோடி கொடுத்தால், காய்ந்த மணலில் கைவிட்டு ஊற்றுநீரின் குளிர்ச்சியை அனுபவிக்கலாம். தோல் கழிவால் ஆற்றை மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தப் பணம் வந்து சேராதவர்களும் ஆசைதீர எண்ணிக்கொள்ளலாம். நோட்டின் மொடமொடப்பு குறையாது.

சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்கையால் தோல் புரட்டிக்கொண்டிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"தொட்டா ஒண்ணுமே தெரியாத கிளவுஸ் வந்தா சொல்லுங்க சார்."