திருவாதிரைக் கூட்டுக்குக் காய் எண்ணுதல்

மார்கழித் திருவாதிரையன்று களிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது ஏழுகறிக் கூட்டு. தஞ்சாவூர்ப் பக்கம் ஏழுதான் குழம்பு என்பார்கள். தாமிரசபை உள்ள திருநெல்வேலியில் அரிசியும் எள்ளும் வறுத்துப் பொடித்துச் சேர்த்து, தாளகம் என்பார்கள். களிக்குக் கதை உண்டு: விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் வீட்டுக்குச் சிவன் அடியாராக வந்தார், வேறொன்றும் இல்லாததால் களி கிண்டிக் கொடுத்தார்கள், மறுநாள் சிதம்பரம் கருவறையில் களி சிதறிக் கிடந்தது. கதையில் கூட்டு இல்லை. வீட்டில் ஒரு காய்கூட இல்லை என்பதுதானே கதையே. ஏழு காய் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இக்கூட்டில் ஈடுபடுவோர் இரு வகையினர்: காய் நறுக்குகிறவர், காய் எண்ணுகிறவர். இரண்டையும் ஒருவரே செய்ததாகத் தகவல் இல்லை. எண்ணுகிறவர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார். காலை ஆறரைக்கு வீடியோ காலில் வருவார். விதி ஒன்றே ஒன்று: காய்கள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஏழு, ஒன்பது, பதினொன்று எதுவும் ஆகும். எட்டு ஆகாது. எட்டுக் காய் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெரியம்மாவும் இதுவரை சொன்னதில்லை. கேட்ட குரலுக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

எண்ணும் முறை வருமாறு. வாழைக்காய் ஒன்று. சேனை இரண்டு. சிறுகிழங்கு மூன்று. சேப்பங்கிழங்கு நான்கு. இவற்றில் மூன்று கிழங்குகள் என்பதால் அவற்றை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்றொரு கட்சி உண்டு. அந்தக் கட்சியில் சேர்ந்தால் மத்தியானம் வரை எண்ணிக்கொண்டே இருக்கலாம். பூசணி ஐந்து. தடியங்காய் ஆறா, இல்லை அதுவும் பூசணிதானா? தாவரவியலில் இரண்டும் வேறு வேறு பேரினங்கள். ஆனால் குடும்பத்தில் செல்லுபடியாகும் பேரினப் பகுப்பு வேறு. அவரைக்காய் ஏழு. அப்பாடா என்று அடுப்பைப் பற்றவைக்கும்போது முந்தின ராத்திரி ஊறப்போட்ட மொச்சை ஞாபகம் வரும். மொச்சை எட்டு. உடனே ஒற்றைப்படைக்காகச் சீனிக்கிழங்கு ஒன்று தோல் சீவப்படும், ஒன்பது. இந்த நேரத்தில்தான் கால் வரும்.

“ஏட்டி, மொச்சையையுமா சேத்து எண்ணுத? அது பயறுல்லா!”

மறுபடியும் எட்டு. மொச்சையைக் காயாக்க அறிவியலிடம் போனால் நிலைமை இன்னும் மோசம்: அவரையும் மொச்சையும் ஒரே தாவர இனம். பயறென்றாலும் எட்டு, ஒரே இனம் என்றாலும் எட்டு. சரி, சீனி அவரைக்காய் கொஞ்சம் கிள்ளிப் போட்டு ஒன்பதாக்கினால், தடியங்காயும் பூசணியும் ஒன்று என்று சித்தி தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுவார்; எட்டு. ஒரு கத்தரிக்காய் சேர்த்தால், “கீறிப் போட்ட பச்சை மிளகாயை யாரு எண்ணுவா?” என்று ஒரு குரல். எண்ணுகிறவர்களுக்குள் உடன்பாடு கிடையாது. நறுக்குகிறவர் தப்பாக எண்ணுகிறார் என்பதில் மட்டும் அனைவரும் ஒன்றுபடுகிறார்கள்.

நறுக்கும் பாரத்தைக் குறைக்க இப்போது கடைகளில் ‘ஏழுகறிக் கூட்டுக் காய்’ என்று நறுக்கிக் கட்டிய பாக்கெட் வருகிறது. போன திருவாதிரைக்கு முந்தின மாலை வாங்கிய ஒன்றைப் பிரித்தபோது காய் ஆறு. ஏழாவது கேரட். எடையில் பாதி பூசணி, அதுவும் தோலோடு. சேனை மருந்துக்கும் இல்லை. அது கையை அரிக்கும் என்பது பாக்கெட் போடுகிறவருக்கும் தெரிந்திருக்கிறது. போட்ட காசை நினைத்தால் இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

கேரட் இங்கிலீஷ் காய், கூட்டில் சேராது. பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்பு. நாட்டுக்காய் மட்டுமே ஆகும். நாட்டுக்காய்ப் பட்டியலில் உள்ள மஞ்சள் பூசணியும் சீனிக்கிழங்கும், வறுத்து அரைக்கிற மிளகாய் வற்றலும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகே இந்தப் பக்கம் வரத் தொடங்கியவை. கேரட்டோ மத்திய ஆசியாவில் முதலில் பயிரானது. பூசணியோடு ஒப்பிட்டால் பக்கத்து வீடு. இந்தத் தகவலைத் திருவாதிரையன்று காலையில் எண்ணுகிறவரிடம் சொல்லக் கூடாது.

சமையல் சுலபம். சேனையிலும் சேம்பிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருப்பதால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்க வேண்டும். கிழங்குகளை முதலில் போட்டு, பூசணியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூசணி கரைந்து காணாமல் போய், எண்ணிக்கை மறுபடியும் தகராறாகும். புளிக்கரைசல் காய் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் காய் வேகாமல் முரண்டு பிடிக்கும். துவரம்பருப்பு, வறுத்த பொடி, தேங்காய், தாளிப்பு. அவ்வளவுதான்.

அளவுதான் அடங்காது. எந்தக் காயும் கால் கிலோவுக்குக் குறைந்து கடையில் கேட்க முடியாது. கேட்டால் கடைக்காரர் பார்க்கிற பார்வை தனி. ஒன்பது காய் என்றால் இரண்டேகால் கிலோ. வீட்டில் சாப்பிட நான்கு பேர், அதில் ஒருவருக்குக் கிழங்கு ஆகாது. மிச்சத்தைத் தூக்கில் ஊற்றி எதிர்வீட்டுக்குக் கொடுத்தால், அதே தூக்கில் அவர்கள் வீட்டுக் கூட்டு திரும்பி வரும். அதில் பதினொரு காய்.

மீந்ததை மறுநாள் அடுப்பில் வைத்துச் சுண்ட விடுவது வழக்கம். சுண்டக்குழம்பு தயிர் சாதத்துக்கு நன்றாக இருக்கும். திருவாதிரைக் கூட்டைவிட நன்றாக இருக்கும் என்றே சொல்லலாம். காய்கள் எல்லாம் குழைந்து ஒன்றாகிவிடுவதால் அந்தக் கட்டத்தில் யாரும் எண்ணுவதில்லை. தினமும் கொதிக்கவைத்தால் சில நாள் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் எள் வாசனை பாலில் ஏறாமல் மூடி வைக்க வேண்டும்.