இங்க எவ்வளவு ஆழம்?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் சகலைக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் எதிர்வரிசைக்காரரிடம் அவர் சொல்கிறார்: "அந்தமான்ல நாங்க கயாக் ஓட்டினோமே, அந்த இடம் அறுபது அடி ஆழம்!" மோர்க்குழம்பு வருவதற்குள் அது எண்பது அடியாகிவிட்டது. பாயசத்துக்கு நான் காத்திருக்கவில்லை. நூறைத் தாண்டுவதைக் கேட்கும் மனத்திடம் எனக்கு இல்லை. அதே படகில் பின்சீட்டில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவன் நான்.

சகலையோடு சுற்றுலா போகக்கூடாது என்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த ஆழ விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

படகு கரையை விட்டுப் பத்தடி நகர்ந்ததும் நம்மில் ஒருவர் "இங்க எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுவிடுகிறார். ஊட்டி ஏரியில் மிதிபடகு மிதித்துக்கொண்டே கேட்கிறோம். பிச்சாவரத்தில் படகுக்காரர் மூச்சு வாங்கத் துடுப்புப் போடும்போது கேட்கிறோம். "நாலடிதான் சார்" என்றால் முகம் வாடிப்போகிறது. நாலடிக்கா இவ்வளவு காசு? "நாற்பதடி" என்றால் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறோம், ஆனால் கொடுத்த காசு செரித்துவிடுகிறது. படகுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைக்குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு ஒரு ஆழம், கல்லூரிப் பையன்களுக்கு ஒரு ஆழம், சட்டைப்பையில் பேனா குத்தியிருக்கும் பெரியவருக்கு மீட்டர் கணக்கில் ஒரு ஆழம். யார் இறங்கிச் சரிபார்க்கப் போகிறார்கள்?

சரி, பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? நீச்சல் தெரிந்தவனுக்கு ஆறடியும் ஒன்று, ஆறாயிரம் அடியும் ஒன்று. தெரியாதவனுக்கும் அப்படித்தான். என் உயரத்துக்கு ஆறடித் தண்ணீர் தாராளம், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மீனுக்கு. ஆனால் நாம் விடுவதில்லை. "மழைக்காலத்துல?" என்று அடுத்த கேள்வி. "நடுவுல?" என்று இன்னொன்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராச்சும் விழுந்திருக்காங்களா?" விழுந்திருக்கிறார்கள் என்று சொன்னால்தான் மனசு ஆறுகிறது. விமானத்தில் பைலட் தாமாகவே 35,000 அடி உயரம் என்று அறிவிக்கிறார். ஒருவரும் காதில் வாங்குவதில்லை, முந்திரிப்பருப்புக்குச் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறோம். சென்னையிலிருந்து அந்தமான் போகும் வழியில் வங்கக்கடல் பல இடங்களில் 3,000 மீட்டருக்கு மேல் ஆழம். அந்த வழி முழுக்க என் சகலை வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவருக்கு ஆழம் தெரிய வேண்டியது ஹாவ்லாக் தீவின் ஓர் ஓடையில்தான்.

2018 டிசம்பரில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாங்கள் பணம் கட்டியது ஹாவ்லாக்குக்குத்தான். கயாக் பயணத்தை 'சாஃப்ட் அட்வெஞ்சர்' என்றார்கள். சாகசம் இருக்கும், ஆபத்து இருக்காது என்று அர்த்தமாம். அதைச் சொன்ன கையோடு, என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். சகலை ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆழம் கேட்கக் கிளம்பினார்.

வழிகாட்டிப் பையன் வங்காளி. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள்தான் அந்தத் தீவில் பெரும்பகுதி. சகலைக்குத் தெரிந்த இந்தி "கித்னா" வரைக்கும். மீதியைக் கையால் கேட்டார். முழங்காலில் உள்ளங்கையை வைத்தார், இடுப்பில் வைத்தார், கழுத்தில் வைத்தார், கடைசியில் தலைக்கு மேல் தூக்கிக் கன்னத்தை உப்பிக் காட்டினார். பையன் யோசித்துவிட்டு உள்ளே போய் இன்னும் பெரிய சைஸில் ஒரு லைஃப் ஜாக்கெட் எடுத்துவந்தான். முந்தைய ஆளின் வியர்வை காயாமல் இருந்தது. சகலை அதை என்னிடம் தள்ளிவிட்டார்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் வேகத்துக்கு, பின்னால் இருப்பவர் திசைக்கு. சகலை முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே, "படகுல ஓட்டை!" என்று கத்தினார். ஓட்டை இருக்கத்தான் செய்யும், மேலே தெறிக்கும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதற்கு அவரைச் சமாதானப்படுத்தி அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்தால், மனிதர் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டு அதைச் செங்குத்தாகத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்க்க ஆரம்பித்தார். வலது பக்கம் விட்டால் படகு வலது பக்கம் திரும்பி வேருக்குள் சொருகும். பின்னால் இழுத்து நேராக்கினால் இடது பக்கம் விடுவார். என் மனைவியும் அவள் அக்காவும் இன்னொரு கயாக்கில், ஊர்க்கதை பேசிக்கொண்டே நேர்கோட்டில் போய் வளைவில் மறைந்துவிட்டார்கள். மீன்கொத்தி, நண்டு, மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் அலையாத்தி நாற்று என்று எல்லாவற்றையும் அவர்கள்தான் பார்த்தார்கள். நான் பார்த்தது சகலையின் முதுகு. நடுநடுவே சுரபுன்னை வேர், மூக்குக்கு நேராக.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஓடைக்கு ஒரே ஆழம் என்று எதுவும் கிடையாது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கடல் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் இடையே இரண்டு மீட்டர் வரை வித்தியாசம். மரத்திலேயே முளைத்த நாற்று, தண்ணீர் வற்றிய நேரத்தில் விழுந்தால் சேற்றில் குத்திட்டு நிற்கும், ஏறிய நேரத்தில் விழுந்தால் மிதந்து வேறு கரை தேடும். அவ்வளவு ஏன், 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்துபோனது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயலில் உப்புத்தண்ணீர் வந்து தங்கிவிட்டது. வடக்கில் நிலம் மேலே எழும்பி, கடல்நீர் எட்டாமல் அலையாத்தி மரங்கள் நின்ற வாக்கிலேயே பட்டுப்போயின. நிலமே ஏறி இறங்குகிற ஊரில் இவர் துடுப்பை விட்டு அளக்கிறார்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அந்தமான் ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு. 2010-இல் இதே ஹாவ்லாக் கடலில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எட்டடியில் கிடந்தாலும் மூன்றடியில் கிடந்தாலும் முதலை முதலைதானே என்று நான் சொன்னதற்கு, "இங்க மூணடிதான் இருக்குங்கறீங்களா?" என்று ஏமாற்றமாகத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றடிகூட இல்லை. இவர் அளந்துகொண்டிருந்த நேரத்தில் கடல் இறங்கிவிட்டது. கயாக் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. வழிகாட்டிப் பையன் பெண்களோடு போய்விட்டான். யாராவது ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். சகலை குனிந்து பார்த்தார். துடுப்பால் ஒரு குத்துக் குத்தினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சேறு எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்றார்.

இறங்கினேன். முழங்காலுக்கு மேல் போனது. அவரையும் படகையும் சேர்த்துத் தள்ளி, தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கை காட்டினார். என் இடது கால் செருப்பு அந்தச் சேற்றிலேயே தங்கிவிட்டது. அறைக்குத் திரும்பியதும் வலது கால் செருப்பைப் பார்த்துவிட்டு, "ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? தூக்கிப் போடுங்க" என்று யோசனை சொன்னார். 850 ரூபாய்ச் செருப்பு. பாதியாவது தருகிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.